சாவு வீட்டில் கேமராவுக்கு என்ன வேலை?

வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலிருந்து, இதழியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்ற மாதம் எங்கள் தெருவில் பைக் விபத்தில் ஒரு பையன் இறந்துபோனான். உடலை வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டு யூடியூப் சேனல்களும் ஒரு தொலைக்காட்சிக் குழுவும் வந்து நின்றன. மறுநாள் ஒரு நாளிதழிலும் படம் வந்தது. அவனுடைய அம்மா மயங்கி விழுந்ததைக்கூட விடாமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒளிப்பதிவாளர், 'தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறீர்கள், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள், மேளம் வைத்து ஊரைக் கூட்டியிருக்கிறீர்கள். இதில் அந்தரங்கம் எங்கே வந்தது?' என்றார். அவர் சொல்வது சரியா? நாளைக்கு நானே நிருபராகப் போனால் எப்படி நடந்துகொள்வது? அந்தக் குடும்பம் இப்போது ஏதாவது செய்ய முடியுமா?"

முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்தே வரும்.

ஒளிப்பதிவாளர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். வடசென்னையில் சாவு வீட்டுக்குள் நடப்பதில்லை, தெருவில் நடக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனைப் பிணவறையிலிருந்து உடல் வருவதற்குள் ஷாமியானா ஏறிவிடும், வாடகை நாற்காலிகள் இறங்கிவிடும், ஐஸ் பெட்டிக்கு எந்த வீட்டிலிருந்தாவது கரண்ட் இழுத்துவிடுவார்கள். சிரித்த முகத்தோடு ஒரு படம், 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு வரி, கீழே நண்பர்களின் பெயர்கள் என்று பொழுது விடிவதற்குள் பிளக்ஸ் அடித்து வந்துவிடும். இரவு முழுக்க கானா பாடுவார்கள். மறுநாள் பறையும் பூவும் பட்டாசுமாக மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கோ காசிமேடு சுடுகாட்டுக்கோ ஊர்வலம் போகும். போக்குவரத்து நிற்கும், பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இப்படியொரு துக்கத்தைப் பார்த்துவிட்டு அந்தரங்கம் என்று யாராவது பேசினால் வெளியாளுக்கு விந்தையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பந்தலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதற்குள் வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். மாலை கொண்டுவருகிறார்கள், கோடி போடுகிறார்கள், ஒன்றுமில்லாவிட்டாலும் நாற்காலியில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து எழுகிறார்கள். பெண்கள் நேரே உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அம்மா மயங்கினால் தாங்கிப் பிடிப்பதற்கு நாலு கை இருக்கிறது, தண்ணீர் தெளிக்க ஒரு கை இருக்கிறது. விலகிய சேலையைச் சரிசெய்வதற்கும் ஒருத்தி இருக்கிறாள். அங்கே இருப்பவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வருவார்கள், அதற்குப் பிறகு அவளைக் கடையிலும் குழாயடியிலும் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் அவள் தலைவிரித்து அழலாம். அழுததை நாளைக்கு யாரும் சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

கேமரா வழியாகப் பார்ப்பவனுக்கு அந்தக் கடன் எதுவும் கிடையாது. அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவன் கோயம்புத்தூரில் டீக்கடையில் நின்று பார்ப்பான், நடுவில் விளம்பரம் வந்தால் தள்ளிவிடுவான், கீழே 'ஹெல்மெட் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா' என்று எழுதிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போவான். தெருவுக்குக் காட்ட அந்தக் குடும்பம் சம்மதித்தது. ஊர் உலகத்துக்குக் காட்டச் சம்மதித்ததாக யார் சொன்னது? துக்கத்தைப் பலர் முன்னிலையில் வைத்துக்கொள்வதும் அதை ஒளிபரப்ப விடுவதும் வேறு வேறு. முன்னதில் பார்ப்பவர் யாரென்று குடும்பத்துக்குத் தெரியும், பின்னதில் தெரியாது. ஒளிப்பதிவாளர் சறுக்கிய இடம் இதுதான்.

போஸ்டரையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். போஸ்டரில் இருந்த படத்தை நண்பர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எந்தச் சட்டை, எந்தச் சிரிப்பு, பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி என்பதெல்லாம் பேசி முடிவு செய்தது. இறந்தவன் எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு அது. அவன் அம்மாவை, எதையுமே தேர்ந்தெடுக்க முடியாத ஒரு நொடியில் படம் எடுத்தவர், தன் கைவேலையும் அந்தப் போஸ்டரும் ஒரே ஜாதி என்கிறார். எனக்கு அது கூச்சமில்லாத வாதமாகத்தான் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்காது. பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையில் ஒரு சாவு விழுந்தால் நாம் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். காவலாளி இருக்கிறார், சுற்றுச்சுவர் இருக்கிறது, மாலைக்குள் 'குடும்பத்தினரின் தனிமையை மதிக்கவும்' என்று ஒரு அறிக்கை வந்துவிடுகிறது. நாமும் மரியாதையாக அதை அச்சடிக்கிறோம். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ வாரியக் குடியிருப்பில் வீடு என்பது ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான். மாடிப்படி மூன்று பேர் சேர்ந்து ஏற முடியாத அகலம். உடலை மேலே கொண்டுபோகவே முடியாது, கீழே வைத்துத்தான் அழ வேண்டும். இடமில்லாததால் வெளியே வந்த துக்கத்தை, வெளியே வந்ததாலேயே பொதுச்சொத்து என்று சொல்வது சின்ன வீட்டில் இருப்பதற்கு அபராதம் போடுவதற்குச் சமம்.

இதோடு பகுதியின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. இறந்தவன் இளைஞன், ஊர் வடசென்னை, சாவு கொலை என்றால் செய்தி எழுதுவதற்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. காவல்துறைக் குறிப்பில் 'முன்விரோதம்' என்று ஒரு வார்த்தை இருக்கும், 'வழக்குகள் நிலுவையில் உள்ளன' என்று ஒரு வரி இருக்கும். அது உண்மையாகவே இருந்தாலும், அவனைப் பெற்றவள் மீது எந்த வழக்கும் இல்லை. ரவுடியின் வீடுதானே என்று சமையலறை வரை கேமரா நுழைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி சட்டம். சட்டம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவும், ஒளிப்பதிவாளர் நினைப்பதைவிட அதிகமாகவும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் அடிப்படைத் தீர்ப்பே தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ஆம் ஆண்டு ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பத்திரிகைகள் கொண்டாடுவது இந்தப் பாதியை. அதே தீர்ப்பு, ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய தனிவாழ்வைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, சம்மதமின்றி அதைப் பற்றி யாரும் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதற்கு விலக்கு உண்டு. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த விலக்கும் பொருந்தாது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை உறுதிசெய்தது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இறந்தவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குப் போகாது என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான நிலை. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட படம் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. ஆகவே 'என் மகனின் அந்தரங்கம்' என்று வாதிடுவது சட்டத்தில் பலவீனமானது. 'என் அந்தரங்கம், என் துக்கம்' என்று உயிரோடு இருக்கும் அம்மா சொல்வது பலமானது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது உதவும்.

குற்றவியல் சட்டத்திலும் இரண்டு பிரிவுகள் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இறந்தவரைப் பற்றிச் சொல்வதும், அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்றால், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தால், அவதூறாகலாம் என்கிறது. 301-ஆம் பிரிவைப் பல நிருபர்கள் கேள்விப்பட்டதே இல்லை. இடுகாட்டில் அத்துமீறி நுழைவது, சடலத்தை அவமதிப்பது, இறுதிச் சடங்குக்குக் கூடியிருப்பவர்களுக்குத் தொல்லை கொடுப்பது ஆகியவை, மனம் புண்படும் என்று தெரிந்தே செய்தால், குற்றம். இதில் வழக்குப் போட்டு ஒளிப்பதிவாளரைச் சிறைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. 'பொது இடம், நான் எதையும் எடுப்பேன்' என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால், பொது இடத்திலும் இறுதிச் சடங்குக்குச் சட்டம் ஒரு மரியாதை கொடுத்திருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

தொழிலுக்குள்ளேயே இருக்கிற விதி இதைவிடத் தெளிவு. அச்சுப் பத்திரிகைகளைக் கண்காணிக்கும் இந்திய பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள், தனிப்பட்ட துக்கத்தின் தருணங்களில் புகைப்படத்தின் மூலம் ஊடுருவுவதைத் தவிர்க்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கின்றன. விபத்திலும் இயற்கைப் பேரிடரிலும் பாதிக்கப்பட்டவர்களின் படத்துக்குப் பொதுநலன் கருதி இடம் கொடுக்கின்றன. அந்தப் பொதுநலனுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வக்கிரமான ஆர்வமெல்லாம் பொதுநலன் ஆகாது. தொலைக்காட்சிகளுக்கு 2023 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுரை அனுப்பியது. சடலங்களையும் ரத்தத்தையும் அருகில் வைத்துக் காட்டுவதையும், சமூக ஊடகங்களில் கிடைத்த வீடியோவை மறைக்க வேண்டியதை மறைக்காமல் அப்படியே ஓட்டுவதையும் அது கண்டித்தது. விதி இல்லாமல் யாரும் தவறு செய்யவில்லை. செய்தி அறையில் 'விஷுவல் எங்கே?' என்ற குரல் விதியைவிடச் சத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போகும்போது என்ன செய்வது?

முதலில், செய்தியைக் கொண்டுபோகிறவராக நீங்கள் இருக்காதீர்கள். காசிமேட்டுப் பக்கம் படகு காணாமல் போகும்போது இது அடிக்கடி நடக்கும். கடலோரக் காவல்படையோ மீன்வளத் துறையோ ஒன்றும் உறுதி சொல்லியிருக்காது. கரையில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு நிருபர் வீட்டுக்குப் போய் 'உங்கள் கணவரைப் பற்றி...' என்று ஆரம்பிப்பார். உடல் கிடைக்காத சாவை ஏற்றுக்கொள்ளக் குடும்பத்துக்கு வருடங்கள் ஆகும். ஒருவர் இறந்துவிட்டதாக ஊகிக்கச் சட்டமே ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. நாம் மைக்கை நீட்டி மூன்று வினாடியில் முடித்துவிடுகிறோம். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இது போன்ற விபத்துகளில் இறந்தவரின் வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். உறவினருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பெயரை வெளியிடுவதால் செய்தி ஒன்றும் பழசாகிவிடாது.

போகும்போது கேமராவை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எந்தச் சாவு வீட்டிலும் முன்னின்று வேலை பார்க்கும் ஒருவர் இருப்பார். தாய்மாமனாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம், கையில் பணப்பையும் காதில் போனுமாக அலைந்துகொண்டிருப்பார். அவரிடம் பெயரைச் சொல்லுங்கள், எந்தப் பத்திரிகை என்று சொல்லுங்கள், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் உட்காருங்கள். டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். இதையெல்லாம் நடிப்பாகச் செய்தால் அந்தத் தெரு உடனே கண்டுபிடித்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த மாமனும் அம்மா அல்ல. பேட்டை பிரமுகர் ஒருவர் கேமராவைப் பார்த்ததும், "வாங்க சார், அம்மாவைப் பேச வைக்கிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார். அவருக்கு டிவியில் தெரிய வேண்டும். அவர் கொடுத்த அனுமதியை அந்தப் பெண் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்த ஒருத்தி 'சரி' என்று தலையாட்டினால் அது சம்மதம் இல்லை. முதல் நாள் பேசச் சம்மதித்தவரிடம்கூட, அச்சுக்குப் போவதற்கு முன்பு அவரையே அழைத்து, 'இதைப் போடலாமா?' என்று மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கும் செய்தி ஆசிரியர்கள் உண்டு, சிரிக்கட்டும்.

பேசச் சம்மதித்தால், 'இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் கிடையாது, அழுகைதான் வரும், கேட்பவருக்கு வேண்டியதும் அதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். 'அவன் எப்படிப்பட்ட பையன்?' என்று கேளுங்கள். கேரம் ஆடுவான், துறைமுகத்தில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினான் என்று ஏதாவது வரும். இறந்தவன் அப்போதுதான் செய்தியில் ஒரு ஆளாக வருகிறான், இல்லாவிட்டால் வெறும் உடல். இந்தப் பேச்சு பதினாறாம் நாளுக்குப் பிறகு இன்னும் நன்றாக வரும். அன்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்து, கூட்டம் கலைந்த பின் போகிற நிருபருக்குக் கிடைப்பது மைக் நீட்டியவர்கள் யாருக்கும் கிடைப்பதில்லை. கூட்டம் போன பிறகுதான் அந்த வீட்டுக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது.

படம் விஷயத்தில் பழைய முறையே நாகரிகமாக இருந்தது. வீட்டில் கேட்டு, பாஸ்போர்ட் சைஸ் படமோ திருமண ஆல்பத்திலிருந்து ஒன்றோ வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்போம். இப்போது பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடி எடுத்துவிடுகிறார்கள். அதே பெயரில் உயிரோடு இருக்கும் வேறொருவனின் முகத்தைப் போட்டுவிடும் ஆபத்து ஒரு பக்கம். குழுப்படத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணை வெட்டாமல் போட்டு அவள் வீட்டில் புயல் கிளப்புவது இன்னொரு பக்கம். கேட்டு வாங்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

பிணவறை வாசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டான்லியில் அடையாளம் காட்ட உள்ளே போய்விட்டு வெளியே வருகிறவரின் முகம்தான் எல்லா ஒளிப்பதிவாளருக்கும் வேண்டும். அந்த முகத்தை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, இதற்கு விதிவிலக்கு எனக்குத் தோன்றவில்லை. போஸ்ட்மார்ட்டத்தில் உடல் எந்த நிலையில் இருந்தது என்ற விவரமும் சாவின் காரணத்தைப் புரிந்துகொள்ள உதவினாலொழிய வேண்டாம். குழந்தைகளிடம் 'அப்பா எங்கே?' என்று கேட்பதைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

எழுதும்போது முகவரி. பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, தெரு, தந்தை பெயர் என்று குற்றச் செய்தி எழுதுவது தமிழ் நாளிதழ்களின் நெடுநாள் வழக்கம். ஒரே பெயரில் பலர் இருப்பதால் குழப்பம் வரக் கூடாது என்ற நல்ல காரணம் அதற்கு உண்டு. இப்போது அந்தத் தெருப் பெயரைப் படித்துவிட்டு மறுநாள் காலை நாலு யூடியூபர்கள் வந்து இறங்குகிறார்கள். பகுதியின் பெயர் போதும், தெருவையும் பிளாக் எண்ணையும் விடலாம். பெயரில் எழுத்துப் பிழை மட்டும் வரவே கூடாது. அந்தச் செய்தித் துண்டை அவர்கள் பல வருடம் பீரோவில் வைத்திருப்பார்கள்.

துக்கத்தைப் படம் எடுக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம். 2004 சுனாமியில் கடலூரில் ஆர்கோ தத்தா ராய்ட்டர்ஸுக்காக எடுத்த படம் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. மணலில் குப்புற விழுந்து கைகளை விரித்து அழும் ஒரு பெண். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். இறந்தவரின் முகத்தை அது காட்டவில்லை, அந்தப் படத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரு கடற்கரை முழுக்க நேர்ந்த அழிவை உலகம் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தால் உதவி வரும் என்ற நிலையும் இருந்தது. உங்கள் தெருவில் நடந்த பைக் விபத்தில் அம்மா மயங்கியதைக் காட்டியதால் எந்தச் சாலை சரியானது? விபத்து நடந்த திருப்பத்தில் விளக்கு எரியவில்லை என்றால் அதைப் படமெடுத்துப் போடலாம். கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்குத் தெரியும், எழுத எவ்வளவு இருக்கிறது என்று. அதற்கு உழைக்க வேண்டும். அழுகையை எடுக்க உழைப்பு வேண்டாம்.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, 'துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இதைச் சொல்வது சில சமயம் காவல் நிலையமாக இருக்கும், சில சமயம் ஒப்பந்ததாரராக இருக்கும். பாதாளச் சாக்கடையில் இறங்கி ஒருவர் விஷவாயுவில் இறந்தால், குடும்பத்தைக் கேமராவிடமிருந்து 'காப்பாற்ற' முதலில் ஓடி வருபவர் அவரை இறக்கிவிட்ட ஆள்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகை ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஐம்பதாயிரம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க ஆள் வந்திருப்பான். அங்கே நிருபர் ஒதுங்கி நின்றால் அது துரோகம். காவல் நிலையத்தில் நடந்த மரணமும் அப்படித்தான். உடலை வாங்க மறுத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் கேமராவை வரச் சொல்கிறது, போக வேண்டும்.

அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. இந்தப் படம் யாருக்கு வேண்டும்? அவர்களே நீதி கேட்டு முகம் காட்டினால் காட்டலாம். அவர்கள் பேச வரும்போது பேசுவதைப் போடுங்கள், பேச முடியாமல் சரியும் நொடியை வெட்டிவிடுங்கள்.

முகம் காட்டக் குடும்பமே விரும்பினாலும் காட்ட முடியாத இடங்களும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பாலியல் வன்முறையில் இறந்த பெண்ணின் அடையாளத்தை, உறவினர் அனுமதித்தாலும், உரிய நீதிமன்ற முடிவு இல்லாமல் வெளியிட முடியாது என்று 2018-இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மாவின் முகத்தைக் காட்டி மகளின் பெயரை மட்டும் மறைப்பது தெருவுக்குத் தெரியாத ரகசியமா என்ன!

தற்கொலை பற்றிச் சுருக்கமாக. 2019-இல் பிரஸ் கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி விதிகளை ஏற்றது. எந்த முறையில் என்று எழுதக் கூடாது, இடத்தைச் சொல்லக் கூடாது, பரபரப்புத் தலைப்பு கூடாது, படம் கூடாது. நம் பத்திரிகைகளில் செய்தியின் உடலில் அத்தனையையும் விவரித்துவிட்டு அடியில் 'தற்கொலை தீர்வல்ல' என்று பெட்டி போட்டு உதவி எண்ணைக் கொடுக்கிறார்கள். எண்ணைக் கொடுப்பது நல்லதுதான், மேலே இருப்பதையும் மாற்ற வேண்டும். காரணம் இன்னது என்று ஒரே நாளில் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். 'கணவன் திட்டியதால்', 'அம்மா போனைப் பிடுங்கியதால்' என்று தலைப்பு வைத்தால், மிச்சமிருக்கும் அந்த அம்மா அதோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டும்.

கடைசியாக, அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

அச்சில் வந்ததற்கு முதலில் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் பிரஸ் கவுன்சில். நாளிதழ் என்றால், வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். செய்தித் துண்டின் நகல், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இதே விஷயம் நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். கவுன்சிலால் அபராதம் விதிக்க முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். இது போதாது என்பதுதான் என் எண்ணமும். ஆனாலும் கண்டனம் பதிவாகும், அடுத்த முறை அதே செய்தி அறையில் யாராவது தயங்குவார்கள்.

தொலைக்காட்சியின் மீதான புகாரும் முதலில் அந்தச் சேனலுக்குத்தான். செய்தி ஒளிபரப்பாளர்கள் அமைத்துக்கொண்ட தர ஆணையத்தில் அந்தச் சேனல் உறுப்பினர் என்றால் அடுத்து அங்கே போகலாம். அந்த ஆணையத்தால் அபராதம் போட முடியும். அங்கே காலக்கெடு நாட்கணக்கில்தான், ஒரு மாதம் போய்விட்ட உங்கள் விஷயத்தில் அந்தக் கதவு மூடியிருக்கவே வாய்ப்பு. சேனலுக்குக் கடிதம் எழுதி இணையத்தில் இருக்கும் பதிவை நீக்கச் சொல்வதற்குத் தடையில்லை.

யூடியூப் சேனல்கள் பிரஸ் கவுன்சிலின் கைக்கு வெளியே இருக்கின்றன. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி நிறுவனங்களையும் நெறிக்குள் கொண்டுவர முயன்றன. அதில் நெறி தொடர்பான முக்கியப் பகுதிக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே வேகமான வழி யூடியூப் நிறுவனத்திடமே அந்தரங்க மீறல் என்று புகார் செய்வது. வீடியோவில் தெரிகிறவரே புகார் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கே வீடியோவில் இருப்பது அம்மா, ஆகவே அவர் பெயரிலேயே கொடுக்கலாம். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி என்று குறித்துக் கொடுங்கள். வீடியோவின் இணைப்பையும் திரைப்பதிவையும் முதலிலேயே சேமித்து வையுங்கள், புகார் போனதும் சிலர் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருப்பார்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு நீங்களும் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. புகார் எழுத யாராவது அந்த வீடியோவை மறுபடி பார்க்க வேண்டும், அது அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. பெண்ணோ மாமனோ உட்கார்ந்து எழுதி, அம்மாவிடம் வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதும். 'விடுங்கள், போனது போகட்டும்' என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள், உங்கள் கோபத்துக்காக அவரை இழுக்காதீர்கள். சரி என்றால், நாளிதழுக்கான கடிதத்தை முதலில் எழுதுங்கள். சென்ற மாதம் என்று சொல்லியிருக்கிறீர்கள், இரண்டு மாதக் கெடுவில் பாதி போய்விட்டது. இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.